இல்லாத கழிப்பறை பற்றிய ஒரு வாக்கியம்

நண்பரே,

கல்லூரி ஆண்டு மலர் இன்று காலை என் மேசைக்கு வந்தது. பக்கங்களைப் பிரித்ததும் புது அச்சு மையின் வாடை, மண்ணெண்ணெயைப் போல, மூக்கில் ஏறியது. உம்முடைய படத்தைப் போட்டு, அதன் கீழே ஒரு பத்தி எழுதியிருக்கிறார்கள். மாணவர் மனம் நோக ஒரு சொல்லும் சொல்லாதவராம் நீர். எல்லோரையும் பாராட்டியே வளர்த்தவராம். உடல்நலம் கருதித் தாமாகவே வகுப்பிலிருந்து விலகிக்கொண்டவராம். எழுதியவர் பெயர் மட்டும் இல்லை.

இப்படி ஒரு பத்தியை ஒரு மாணவன் எழுதிக் கொண்டுவந்திருந்தால் நீர் என்ன செய்திருப்பீர் என்று எனக்குத் தெரியும். பென்சிலை எடுத்து, ஓரத்தில் 'யார் சொன்னது?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருப்பீர். நான் மலரை மூடி ஒதுக்கி வைத்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி உமக்கே எழுதுகிறேன். உமக்குத் தெரியாதது இதில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் அச்சில் வந்துவிட்ட ஒரு பொய்க்கு எதிரே, ஏதேனும் ஒரு தாளிலாவது உண்மை இருந்தாக வேண்டும்.

சமூகவியல் துறையில் ஒரே அறையில், எதிரெதிர் மேசைகளில் இருந்தவர்கள் நாம். இறுதியாண்டு மாணவர்களுக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம் என்று சொன்னவர் நீர். இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய தமிழ்க் கலைக்களஞ்சியத்தில், இலங்கையிலிருந்து வந்த அகதிகளின் முகாம் வீடுகளைப் பற்றி ஒரு கட்டுரை. ஓர் ஆண்டு மாணவர்கள் தொடங்கி வைக்க, அடுத்தடுத்த ஆண்டுகளில் வருபவர்கள் திருத்தி வளர்க்க வேண்டும்.

"வள்ளியூர் பஸ்ஸுல தெனமும் ஒரு முகாமத் தாண்டித்தான் பாதிப் பிள்ளைய வருது. ஒருத்தனும் அங்கன எறங்கினதில்ல வே. எறங்க ஒரு காரணம் கொடுப்போம்" என்றீர்.

காரணம் கொடுத்தீர். பிறகு அவர்கள் எழுதிக் கொண்டுவந்ததை வாசித்தீர். அப்படி ஒரு வாசிப்பை என் பணிக்காலத்தில் வேறு எவரிடமும் நான் கண்டதில்லை. 'நன்று' என்றோ 'மோசம்' என்றோ நீர் எழுதியதே இல்லை. வாக்கியத்துக்கு ஒரு கேள்வி. யார் சொன்னது? எந்த ஊரைப் பற்றி? நேரில் பார்த்தவரா, கேட்டுச் சொன்னவரா? எழுதியவர் எழுந்து நின்று அந்த வாக்கியத்தை உரக்க வாசிக்க வேண்டும். அதன் பிறகுதான் பேச்சு.

வள்ளியூர்ப் பையன் ஒருவன், 'இம்முகாமில் மக்கள் மகிழ்ச்சியுடன் வாழ்ந்து வருகின்றனர்' என்று வாசித்தது நினைவிருக்கிறதா?

"ஏலே, சந்தோசமா இருக்கியளான்னு கேட்டியா?"

"கேக்கல சார். ஒரு அண்ணாச்சி என்னையப் பாத்துச் சிரிச்சாரு."

"சிரிச்சா சந்தோசமா? ஒங் கட்டுரையப் பாத்து நானுந்தான் சிரிச்சேன்."

வகுப்பு அடங்க நேரமானது. அவனும் சேர்ந்துதான் சிரித்தான். "சந்தோசத்த விடுலே. அந்த வீட்டுக் கூரை ஓடா, சீட்டா? அத எந்தப் பேப்பர்ல, எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கான்? பைய உக்காந்து தேடு" என்று அனுப்பினீர். அடுத்த வாரம் நூலகத்தின் பழைய நாளிதழ்க் கட்டுகளில் கிடந்துவிட்டு, சட்டையெல்லாம் தூசியோடு அவன் திரும்பி வந்தான். கூரைகளைப் பற்றி அவன் எழுதிய பத்தி இன்றைக்கும் கட்டுரையில் நிற்கிறது.

கலைக்களஞ்சியத்தின் விதி அது. எழுதுபவர் தாம் கண்டதை எழுதக்கூடாது. பிறர் ஆராய்ந்து அச்சிட்டதை, இன்ன இடத்தில் இருக்கிறது என்று காட்டி எழுத வேண்டும். முகாமுக்குப் போவது எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். அந்த விதியை வகுத்தவர் நீரல்லர். ஆனால் அதை உம்மைப் போல இறுக்கிப் பிடித்தவரும் இல்லை.

மனம் நோகவில்லையாம். நொந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எத்தனை முறை திருத்திக் கொண்டுவந்தாலும் அத்தனை முறையும் முதல் வரியிலிருந்து புதிதாக வாசித்தீர். ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளையின் வாக்கியத்தை அவ்வளவு கவனித்துப் படிப்பதைவிடப் பெரிய மரியாதையை ஒரு கல்லூரி அந்தப் பிள்ளைக்குத் தர முடியும் என்று நான் நினைக்கவில்லை. என்னையும் விட்டுவைக்க மாட்டீர். "நீரு மார்க்கு போடுதீரு வே. நான் கேள்வி போடுதேன். பிள்ளைய உம்மத்தான் கும்பிடும்" என்பீர்.

பிறகு தர்சினி வந்தாள்.

அந்த முகாமிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் பங்குக்கு வந்தது வசதிகள் என்ற பகுதி. எழுந்து நின்று வாசித்தாள்: 'முகாமின் ஒவ்வொரு வீட்டிலும் தனிக் கழிப்பறை உள்ளது.' ஆதாரமாக, அரசு அலுவலகம் ஒன்று வெளியிட்ட கையேட்டைக் காட்டியிருந்தாள். பக்க எண்ணோடு, எல்லாம் முறையாக. அன்று ஏதோ கையெழுத்துக்காக நானும் உம் வகுப்பின் பின்வரிசையில் காத்திருந்தேன்.

நீர் வழக்கம்போலத்தான் கேட்டீர். "ஒங்க வீட்ல இருக்காம்மா?"

"இல்லை சார்."

"பக்கத்து வீட்ல?"

"ஒருத்தர் வீட்டிலயும் இல்லை சார்."

"பின்ன ஏம்மா இப்படி எழுதின?"

வகுப்பில் எங்களைப் போலவே பேசப் பழகியிருந்தவள், அந்த நேரத்தில் தன் வீட்டுப் பேச்சுக்கு மாறினாள். "நீங்கள்தானே சேர் சொன்னீங்கள், பார்த்ததை எழுதக்கூடாது, அச்சில வந்ததைத்தான் எழுத வேணும் எண்டு. அதான் எழுதினனான். அம்மா ஆக்கள் கழிப்பறை கேட்டு மனுக் குடுத்தவை. வீட்டுக்கு வீடு இருக்கெண்டு கையேட்டில போட்டிருக்கு, இனிக் கட்டித் தர ஏலாது எண்டு பதில் வந்தது. அச்சிலயும் இருக்கு, பதிலிலயும் இருக்கு. நான் மட்டும் எப்பிடி இல்லை எண்டு எழுதுறது?"

முகாமின் ஓரத்தில் கதவும் தண்ணீரும் இல்லாமல் நிற்கும் பொதுக் கழிப்பறையைப் பற்றியும், பெண்கள் விடியுமுன் ஓடைக்கரை உடைமுள் காட்டுக்குள் போய் வருவதைப் பற்றியும் நீர் கேட்கக் கேட்கச் சொன்னாள். கடைசியாக, "பின்னேரத்துக்குப் பிறகு அம்மா தண்ணி குடிக்க மாட்டா சேர்" என்றாள்.

மணி அடிக்குமுன் வகுப்பை விட்டுவிட்டீர். அறைக்கு வந்து, உட்காராமல் நின்றபடியே என்னிடம் சொன்னீர்: "வே, அந்தப் பிள்ளைய அவ வீட்டுக்கு எதிராவே சாட்சி சொல்ல வச்சிட்டேன்."

வேறொருவராக இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போயிருப்பார். நீர் தொலைபேசியை எடுத்தீர். கையேட்டைத் தொகுத்த ஊழியரை விசாரித்துப் பிடித்தீர். அவர் ஒளிக்காமல் சொன்னார்: "இன்டர்நெட்ல கலைக்களஞ்சியம் இருக்குல்லா சார், அதுல இருந்துதான் எடுத்தேன். நல்ல தமிழ்ல எழுதியிருந்தாங்க." அதை எழுதியவர்கள் நம் மாணவர்கள். கட்டுரையைத் தொடங்கி வைத்த முதல் குழுவில் ஒருவன் ஆதாரம் எதுவும் காட்டாமல் அந்த வரியைச் சேர்த்திருந்தான், அதிலிருந்து கையேடு, கையேட்டிலிருந்து மனுவுக்குப் பதில், அதே கையேடு திரும்பவும் நம் கட்டுரைக்கு ஆதாரம். கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்த அவனையும் அழைத்தீர். "வீடுன்னா கழிப்பறை இருக்கும்லா சார்?" என்றான். அவன் பொய் சொல்ல நினைக்கவில்லை. கட்டுரை முழுமையாக இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

"அவன ஏசி என்ன செய்ய? பாத்து விட்டவன் நாந்தானே" என்று சொல்லிவிட்டு, அன்றே அந்த வரியை நீக்கினீர். எழுதுபவர்கள் விவாதித்துக்கொள்ளும் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் உம் பெயரையும் கல்லூரியின் பெயரையும் போட்டு எழுதினீர்: இந்த வாக்கியம் எங்கள் வகுப்பில், ஆதாரமின்றி, என் பார்வையில் எழுதப்பட்டது, கையேடு இதிலிருந்தே எடுக்கப்பட்டதால் அதை இதற்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது. அடுத்த வகுப்பில் மாணவர்களிடமும் அதைச் சொல்லி, உம் கேள்விகளோடு இன்னொன்றைச் சேர்த்தீர்: அச்சடித்தவருக்கு யார் சொன்னது?

அந்த வாரமே முகாமுக்குப் போய், மனுக் கொடுத்த பெண்களை உட்காரச் சொல்லி, நீர் நின்றுகொண்டு, தவறு உம்முடையது என்று சொல்லிவிட்டு வந்தீர்.

கல்லூரி முதல்வர் அழைத்தபோது நானும் உடன் இருந்தேன். தர மதிப்பீட்டுக் குழு வரும் நேரம். அந்தக் கட்டுரையைக் கல்லூரியின் சாதனைகளில் ஒன்றாக அவர்களுக்குக் காட்ட ஏற்பாடு ஆகியிருந்தது.

"நீக்கினது சரி சார். யாருக்கும் தெரியாம நீக்கிட்டுப் போங்க. காலேஜ் பேரப் போட்டுத் தப்புன்னு எதுக்கு எழுதுதீங்க?"

"பேரப் போட்டுச் செஞ்ச தப்பு சார். பேரப் போட்டுத்தான் திருத்தணும்."

"ஒரு கக்கூசுக்காக இவ்வளவு பெரிய ஸ்தாபனத்தக் கெடுக்கணுமா?"

நீர் எழுந்து வந்துவிட்டீர். அந்தக் கேள்வி என் காதில் அப்படியே இருக்கிறது. அதைக் கேட்டவர் மீது எனக்கு உரக்கப் பேசும் கோபம் எப்போதும் வந்ததில்லை. வந்தது வேறு வகை. அது இன்னும் ஆறவில்லை. ஆற விடும் எண்ணமும் எனக்கில்லை. அடுத்த பருவத்தில் அந்தப் பாடத்தையே நீக்கிவிட்டு, வருகைப் பதிவைச் சரிபார்க்கும் வேலைக்கு உம்மை மாற்றினார்கள். தாமாகவே விலகிக்கொண்டீர் என்று மலர் சொல்வது இதைத்தான்.

மனுவுக்குப் பதில் அனுப்பிய அரசு அலுவலகத்துக்கு நாம் போன நாளில், மேசைக்கு அந்தப்புறம் இருந்த அதிகாரி உம் கையெழுத்திட்ட விளக்கத்தைப் படித்துவிட்டு வைத்தார். "சார் சொல்லுததெல்லாம் சரிதான். ஆனா உண்டுன்னு அச்சுல வந்திருச்சே. இல்லன்னு சொல்லணும்னா அதுவும் அச்சுல வரணும்லா?"

நீர் என் பக்கம் திரும்பி, "நம்ம வகுப்புல படிச்சவரோ வே?" என்று கேட்டீர். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவரிடம், "அச்சு கெடக்கட்டும் அண்ணாச்சி. ஒரு நா எங்கூட வாங்க. பஸ்ஸுக்கு நான் டிக்கெட் எடுக்கேன்" என்றீர். அன்று அவர் வரவில்லை. மறுபடி போனீர். அதன் பிறகும் போனீர். வருகைப் பதிவு வேலை முடிந்ததும் அந்த அலுவலகத்து பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வதை ஒரு கடமையைப் போல, கோபமில்லாமல் செய்தீர். அந்தக் கோபமின்மைதான் எனக்கு வாய்க்காதது. கடைசியில் பழைய பதிலைத் திரும்பப் பெற்று, நேரில் பார்வையிட உத்தரவு போட்டார்கள்.

பார்வையிட அவர்கள் போனபோது நீர் இல்லை. மழை தொடங்கிய நாட்களில் உம் நெஞ்சு நின்றுபோனது. மேலப்பாளையத்தில் உம்மை அடக்கம் செய்ய மையவாடிக்கு எடுப்பதற்கு முன்னால் தர்சினியும் அவள் தாயாரும் வந்து உம் வீட்டு வாசலில் நின்றார்கள். தாயார் என்னிடம் சொன்னார்: "இவ்வளவு காலத்தில எங்களிட்ட வந்து 'என்ர பிழை' எண்டு சொன்ன ஒரே பெரிய மனுசர் இவர்தான் ஐயா." உம்மைப் பற்றி நான் கேட்ட புகழுரைகளில் ஆதாரம் கேட்கத் தேவையில்லாதது அது ஒன்றுதான்.

இனி உமக்குத் தெரியாதது. பார்வையிட்டவர்கள், எந்த வீட்டிலும் கழிப்பறை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பணம் ஒதுக்கப்பட்டது. சில வீடுகளின் பின்னால் குழி தோண்டினார்கள்; அதோடு வேலை நின்றிருக்கிறது. சுவர் எழவில்லை. கட்டுரையில், வசதிகள் என்ற பகுதியில், கழிப்பறையைப் பற்றி இன்று ஒரு சொல்லும் கிடையாது. பார்வையிட்டவர்களின் அறிக்கை அச்சேறவில்லை என்பதால், இல்லை என்று எழுதச் சான்றில்லை. உண்டு என்று எழுத நான் விடுவதில்லை. ஆனாலும் முகம் தெரியாத யாரோ ஒருவர் அந்தக் கையேட்டைக் காட்டி, பழைய வரியைத் திரும்பத் திரும்பச் சேர்க்கிறார். நான் ஒவ்வொரு முறையும் உம் குறிப்பைச் சுட்டிக்காட்டி நீக்குகிறேன். போன முறை அவர், 'குழிகள் தோண்டப்பட்டுவிட்டதாகத் தெரிகிறது. எனவே வசதி உண்டு என்றே எழுதலாமே' என்று கேட்டிருந்தார். யார் சொன்னது, அவர் அந்தக் குழியைப் பார்த்தாரா என்று மட்டும் கேட்டேன். வசைச்சொல் ஒன்றுகூட இல்லாமல் எழுத வேண்டியிருந்தது. அதை எழுதி முடிக்க ஒரு முற்பகல் ஆயிற்று.

போன வாரம் தர்சினி தொலைபேசியில் பேசினாள். இப்போது பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறாள். குழிகளில் மழைத்தண்ணீர் நிற்கிறதாம். பிள்ளைகள் விழுந்துவிடாமல் முள்ளை வெட்டிப் போட்டு வைத்திருக்கிறார்களாம். அலுவலகத்துக்கு இந்த முறை நான் வருகிறேன் என்றேன். வாருங்கள் என்றாள்.

பிறகு, "சேர், கதவு போட்டு, உள்ளுக்குத் தண்ணி வந்த பிறகு நானே உங்களுக்குச் சொல்லுறன். அதுவரைக்கும் அந்த இடத்தில ஒருத்தரையும் ஒண்டும் எழுத விட்டிடாதையுங்கோ" என்றாள்.

விடமாட்டேன் என்று அவளிடம் சொன்னேன். உம்மிடமும் சொல்கிறேன்.