நல்ல காது

மார்ச் 4, செவ்வாய்
மெர்வ் ஹாஸ்கின் இன்றும் தப்பித்துவிட்டார். அவருக்கு மூக்கில் தோல் புற்று. ஓர் அடுக்கு சீவி எடுத்து, வேர் மிச்சம் இருக்கிறதா என்று நான் நுண்ணோக்கியில் பார்க்கிற ஒரு மணி நேரம் வெளியே உட்காரச் சொன்னால், கட்டுப்போட்ட மூக்கோடு எதிரே பந்து உருட்டும் கிளப்புக்குப் போய்விடுகிறார். நர்ஸ் கெய்லீன்தான் ஓட்டி வந்தாள். "நான் நர்ஸா, மாடு மேய்க்கிறவளா?" என்று கேட்கிறாள். ஆஸ்திரேலியாவின் கரும்பு ஊரான இந்தப் பண்டபெர்க்கில் இரண்டும்தான்.

மார்ச் 6
என் பதினோரு வருட ஆராய்ச்சி இருபத்தொன்பதாம் தேதி பிரிஸ்பேன் மருத்துவ மாநாட்டில் அரங்கேறுகிறது. விஷயம், ஊரே வெயில் களிம்பு பூச மறக்கும் இடம்: காது. அதற்கான பெரிய படம் அச்சாகி வந்து, வரவேற்பறையில் மாட்டியாயிற்று. இடப்பக்கம் கெட்ட காது, வலப்பக்கம் நல்ல காது. இந்த ஊரில் நல்ல காதுக்கு எங்கே போவது? என் காதையே போட்டுவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருக்கிறது.

மார்ச் 7
தையலைக் காட்ட வந்த மெர்வ் படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"டாக்டரம்மா, படத்த மாத்தி மாட்டிட்டாங்களா?"

"இல்லையே."

"நல்ல காதோட ஓரத்துல முத்து மாதிரி மினுக்குதே. என் மூக்குலயும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

முப்பது வருடமாக இதையே வெட்டுகிறவளுக்குக் கரும்பு வெட்டுகிறவர் பாடம் எடுக்கிறார். விளக்கு வெளிச்சம் பட்டது என்றேன்.

"யார் காதோ, பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 8
வெளிச்சம்தான்.

மார்ச் 9
சொந்தக் காதைக் கண்ணாடியில் பார்க்கப்போய்க் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

மார்ச் 10
கெய்லீன் என்னை அமுக்கி உட்காரவைத்து, உருப்பெருக்கியால் பார்த்தாள். நேரே மரப்பு ஊசியை எடுத்து வந்தாள். துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியாயிற்று.

மார்ச் 13
புற்றேதான். மெல்ல வளர்கிற வகை, உயிருக்கு ஆபத்தில்லை. எத்தனை ஆயிரம் பேரிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். இப்ப சிரிப்பு வரல. பயமா இருக்கு. அதைவிட வெக்கமா இருக்கு. மூக்குக்குப் பூசினேன், கைக்குப் பூசினேன் — காதுக்கு? பதினோரு வருஷம் எழுதினவளே மறந்திருக்கேன். லூசு.

படத்தைக் கழற்றி மறைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

மார்ச் 19
என்னிடம் தொழில் படித்த போகாக் என் காதைச் சீவினான். "ஒரு மணி நேரம் வெளிய உட்காருங்க, டாக்டர்." உட்கார்ந்தேன். சுவரில் என் காது என்னையே பார்த்தது. இருபது நிமிடம் தாங்கினேன். எதிரே கிளப் வாசலில் மெர்வ் கையசைத்தார்.

மூன்றாவது பந்தை உருட்டும்போது கெய்லீன் இடுப்பில் கைவைத்து நின்றாள். "இப்ப ரெண்டு மாடா?"

இரண்டாம் அடுக்கில் வேர் இல்லை. காது ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 29, சனி, பிரிஸ்பேன்
பேசி முடித்தேன். என் காதின் அதே படம்தான், ஆனால் இடப்பக்கத்துக்கு மாறியிருந்தது. கெட்ட காதின் கீழே என் பெயர். நல்ல காது மெர்வுடையது. நாற்பது வருடம் அகலத் தொப்பிக்குள் இருந்த காது, மூக்கு மட்டும்தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டால்தான் சம்மதத்துக்குக் கையெழுத்து என்று அடம்பிடித்தார்.

நல்ல காதுக்குச் சொந்தக்காரர் வந்திருக்கிறாரா என்று சபையில் கேட்டார்கள். அழைத்து வந்து கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தேன். நாற்காலி காலி.

மண்டபத்துக்கு எதிரே ஒரு பந்து கிளப் இருந்தது. காதுக்குக் களிம்பு பூசிக்கொண்டு நானும் போனேன்.