கப்பல்காரன் கரைசேர்ந்த படம்

ஞாயிறு, இரவு.

தானே பணம் போட்டுத் தானே படமெடுத்த ஒரு அமெரிக்க டைரக்டரின் பழைய படங்களை, இங்கிலீஷ் தெரியாமலே மூஞ்சிகளைப் பார்த்துக் கதையாகச் சொல்ல காரைக்காலில் என்னை விட்டால் ஆளில்லை. அவருடைய கப்பல் படத்தை இன்று, அண்ணனான என்னை ‘நானா’ என்று கூப்பிடும் தங்கை பரீதா, டிவியில் அடியில் ஓடும் தமிழ் எழுத்தோடு பார்த்தாள். கடைசியில் கப்பல்காரன் மூழ்கிப்போனான்.

“நானா, நீங்க சொல்றப்பல்லாம் வீடு வந்து சேந்துருவானே?”

“நம்மூருக்கு வந்த பிரிண்டுல வந்தாம்மா. டைரக்டரு நமக்குன்னே தனியா எடுத்து அனுப்புனாரு.”

அவள் சிரிக்கவில்லை. அவள் புருஷனுக்கும் கப்பலில்தான் வேலை. உடனே போன் போட்டாள். மச்சான் எடுக்கும்வரை நானும் மூச்சு விடவில்லை.

அவர் குரல் கேட்டதும் போனை என்னிடம் நீட்டினாள்.

“அந்தக் கதைய இவங்களுக்குச் சொல்லுங்க நானா. உங்க பிரிண்டுல உள்ளபடி.”

சொன்னேன். இந்தத் தடவை கப்பல்காரனை வரவேற்கக் கரையில் பேண்டு வாத்தியமும் வைத்தேன்.