இடது முன்சக்கரத்துச் சத்தம்

மார்ச் 3, செவ்வாய்

கண்ணாடிக்கடையைப் பூட்டிவிட்டு வரும்போது மறுபடி அந்தச் சத்தம். இடது முன்சக்கரப் பக்கம். திரும்பினால் 'டொக்'. வேகத்தடையில் இறங்கினால் ஒரு கிறீச். நேராகப் போனால் ஒன்றுமில்லை. இருபத்தெட்டு வயது ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட், இடுப்பைப் பிடிக்காமல் இறங்க முடியாது. இருந்தாலும் ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் வர முடிவதில்லை. என்ன ஒரு வளைவு!

மனைவியைக் கேட்காமல் வாங்கியது. நான்கு மாதமாக அவள் ஏறவே இல்லை. "ரெண்டு பேருக்கு இடமிருக்கு, ஒருத்தரைத்தான் கேட்டிருக்கீங்க." அன்றைக்குச் சொன்னாள். அதோடு சரி.

மார்ச் 6, வெள்ளி

மெக்கானிக் ஸ்டெபிலைசர் லிங்க் என்ற இணைப்புக் கம்பியை மாற்றினார். "இனிமே கண்ணை மூடிட்டு ஓட்டலாம் சார்." திறந்துகொண்டுதான் ஓட்டினேன். தெருமுனையில் 'டொக்'.

மார்ச் 10, செவ்வாய்

ரப்பர் புஷ்ஷெல்லாம் மாற்றியாயிற்று. காரைத் தூக்கி வைத்து, சக்கரத்தை இரு கையாலும் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. "கல்லு மாதிரி இருக்கு சார். வயசான வண்டி, கொஞ்சம் முனகத்தான் செய்யும்."

நானும் தலையாட்டிவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் தனியாக ஓர் ஓட்டம் போக வேண்டும்.

மார்ச் 12, வியாழன்

நெடுஞ்சாலையில் நூறைத் தாண்டிப் பார்த்தேன். பறந்தது.

சாப்பிடும்போது அவளாகவே கேட்டாள். "வாசல்ல திருப்பும்போது ஒரு சத்தம் வருதே, என்னது?"

சொன்னேன்.

"தூக்கி வச்சுத்தானே ஆட்டிப் பாத்தார்?"

"ஆமா."

"சில பேஷன்ட்டுக்குப் படுத்திருந்தா வலியே இருக்காது. காலை ஊணி நின்னாத்தான் உசிரு போகும். பாரம் ஏத்திப் பாக்கணும்ல?"

இருதய வார்டில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ் அவள்.

மார்ச் 14, சனி

பட்டறைக்கு அவளும் வந்தாள். சீட்டுக்குள் இறங்கியபோது, "இதென்ன, குளியல்தொட்டி மாதிரி!" என்றாள். மடியில் ஸ்டெதஸ்கோப்.

"ஊசி கீசி போட்டுடாதீங்கக்கா" என்று மெக்கானிக் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நான்கு சக்கரமும் தரையில் ஊன்றியபடி காரைப் பட்டறையின் பழுதுபார்க்கும் குழிக்கு மேல் நிறுத்தச் சொன்னாள். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். மெக்கானிக் முன்பக்கத்தை அமுக்கி அமுக்கி விட்டார். கீழேயிருந்து அவள் குரல் மட்டும்.

"திருப்புங்க... போதும்... மறுபடி."

எவ்வளவு நேரம்? கால் மணி இருக்கும். அப்புறம், "எல்லா இடத்துலயும் கேக்குது. ஆனா இங்கதான் பொறக்குது."

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். சக்கரத்தை, அதைத் தாங்கும் கீழ்க்கை என்ற இரும்புச் சட்டத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட். மேலே ரப்பர் உறை, ஒரு கீறல்கூட இல்லாமல். "இது நல்லாத்தானே இருக்கு..." முனகிக்கொண்டே கீழ்க்கைக்கு அடியில் ஜாக்கைக் கொடுத்து, கம்பியால் நெம்பினார்.

ஆடியது. அவர் சிரிப்பு நின்றது.

கழற்றி உறையைக் கிழித்தார். பெரிய கோலிக்குண்டு அளவில் ஓர் இரும்புக்குண்டு, தட்டாமல் இழுக்காமல், தானாகக் கழன்று அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

"தூக்கி வச்சா ஸ்பிரிங் இதை இறுக்கிப் பிடிச்சுக்கும், ஆட்டம் தெரியாது. நான் யோசிச்சிருக்கணும் சார்."

"நாளைக்கு மலைக்குப் போயிருந்தா?" என்றேன்.

"மலை வரைக்கும் போயிருக்காது."

நூறுக்கு மேல ஓட்டினேனே — என்னை உயிரோட பிடிச்சிட்டிருந்தது இந்தக் கோலிதானா?

அவள் குழியிலிருந்து ஏறி வந்து குண்டை வாங்கிப் பார்த்தாள். "பாவம், எத்தனை நாளா சொல்லிட்டே இருந்திருக்கு."

மார்ச் 15, ஞாயிறு

எங்கும் போகவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்: ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினால் உனக்கு என்னதான் கேட்கும்?

"ரெண்டு சத்தம். லப், டப். நடுவுல கொஞ்சம் அமைதி. நான் கேக்குறது அந்த அமைதியைத்தான். அது சுத்தமா இருக்கான்னு."

என் காதில் மாட்டிவிட்டு, மறுமுனையைத் தன் நெஞ்சிலேயே வைத்தாள். கேட்டேன். என்ன எழுதுவது? ஒரு வீட்டில், ஒரு கட்டிலில், இத்தனை வருஷம். இவ்வளவு பக்கத்தில் இது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

புது ஜாயின்ட். சத்தமில்லை.

மார்ச் 28, சனி

காலையில் மெக்கானிக்கின் போன். "சார், அக்காவுக்கு இன்னைக்கு டியூட்டியா? ஒரு வேன் வந்திருக்கு. மூணு பட்டறை பாத்தும் பிடிபடல."

அவள்தான் ஓட்டிக்கொண்டு போனாள். வளைவுகளை என்னைவிட நன்றாகவே எடுக்கிறாள்.

பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை. கம்ப்ரசரை நிறுத்தினார்கள். ரேடியோவை நிறுத்தினார்கள். யார் வேன் என்றுகூடத் தெரியாது; அதன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் ஏழெட்டுப் பேர், கையில் ஸ்பானரோடு, மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல்.

குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "மெதுவா திருப்புங்க."

திருப்பினேன்.