நேரான முடி

மார்ச் 3

பாப்பாவுக்கு அக்கா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர நலம். நீ போனை எடுப்பதில்லை. ஆய்வகத்துக் குடுவைகளோடு பேசவே உனக்கு நேரம் சரியாயிருக்கும் போல.

நேற்று பார்லருக்கு ஒரு பெண் வந்து, சுருட்டை முடியை நேராக்கச் சொன்னாள். மருந்தைக் கலந்தவள் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்துவிட்டேன். பின்னாலிருந்து பார்த்தால் உன் சின்னக்கா, நம் குருவியேதான். காணாமல் போய்ப் பதினேழு வருஷம் ஆகியும் என் நாற்காலியில்தான் வந்து உட்காருகிறாள்.

ஒன்று சொல்லு. நேராக்கிய முடி, குளித்தால் மறுபடி சுருண்டுவிடுமா?

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

பார்லர்காரி என்னிடம் கேட்கிறாயே! முடிக்குள் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துச் சுருளைப் பிடித்திருக்கின்றன. உன் மருந்து அந்த ஜோடிக்கு எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. வாங்கிக்கொண்டதும் பிடி விட்டுப்போகிறது. கொடுத்தே பிரிப்பது, எனக்கு இன்னும் வியப்புதான். நீ இழுத்து நேராக்கியதும் போடும் இரண்டாம் மருந்து, எலக்ட்ரான்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். கந்தகங்கள் புது இடத்தில், புது ஜோடியோடு கோத்துக்கொள்ளும். எத்தனை முறை குளித்தாலும் அந்த முடி சுருளாது.

சின்னக்காவை நினைத்தா கேட்டாய்? அவள் முடியில் கத்திரி படவே அப்பா விடமாட்டாரே.

உன் பாப்பா

மார்ச் 20

பாப்பா,

எனக்கும் தெரியும். வேறு மாதிரி ஒருத்தராவது சொல்லமாட்டார்களா என்றுதான் கேட்டேன்.

அன்று காலை, "ஒரே ஒரு தடவை நேரா வச்சுப் பார்க்கணும்க்கா, அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்" என்று குருவி கெஞ்சினாள். நான் தொழில் பழகி மூன்று மாதம். செய்துவிட்டேன். வெளியே போனவள் திரும்பவில்லை. காணவில்லை அறிவிப்பில் அப்பா "சுருட்டை முடி" என்று எழுதவைத்தபோது நான் வாய் திறக்கவில்லை.

நாலாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டார். "அடிபட்ட பொண்ணு ஒண்ணு இருக்கும்மா. பேச்சே வரல. நீங்க கொடுத்த அடையாளம் ஒத்துப்போகுது, முடி மட்டும் நேரா இருக்கு."

அப்பா பக்கத்தில் நின்றார்.

"எங்க பொண்ணுக்குச் சுருட்டை முடிங்க" என்று போனை வைத்துவிட்டேன்.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

அந்த நர்ஸ் ஓய்வுபெற்றுவிட்டார். தேடிப்பிடித்துச் சின்னக்காவின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணேதான். நாலு மாசம் இருந்தா. பார்க்க ஆளுங்க வர்ற நேரமாச்சுன்னா தலை வாரிக்கிட்டு வாசலையே பார்த்து உட்கார்ந்துடுவா. ஒருநாள் கூட்டத்தோட கூட்டமா வெளிய போயிட்டா."

நான் தேடப்போகிறேன். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. அது உன் வாயால் வரவேண்டும். சொன்ன பிறகு எழுது. அதுவரை எழுதாதே.

தங்கை