பாதியில் நின்றவர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் கால் மரத்துப்போவது எப்படி இருக்கிறது? "பரவாயில்லை" என்று மட்டும் எழுதாதே.

உனக்கு வந்திருக்கும் இந்த மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நரம்பு நோய்க்கு உடற்பயிற்சி பலன் தருமா என்று ஆளாளுக்கு ஆய்வு செய்திருக்கிறார்கள். அதில் எதை நம்பலாம் என்று தரம் பிரிப்பதுதான் இங்கே என் வேலை. தலைவலி! நேற்று வந்த ஆய்வில், பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நடுவிலேயே நின்றுவிட்டார்கள். மிச்சப் பேரை மட்டும் வைத்து "நல்ல முன்னேற்றம்" என்று முடித்திருக்கிறார்கள். பந்தியில் பாதியில் எழுந்து போனவர்களை விட்டுவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டவர்களிடம் மட்டும் சமையல் எப்படி என்று கேட்பதா?

நம்ப முடியாது என்று குறித்தேன். என்னோடு சேர்ந்து மதிப்பிடுகிறவர் சலித்துக்கொண்டார். "விடுங்க, நின்னவங்க சோம்பேறிங்களா இருப்பாங்க."

"எங்கம்மாவுந்தான் பயிற்சியைப் பாதியில நிறுத்தினாங்க! அவங்க சோம்பேறியா?" என்று கத்திவிட்டேன். பயப்படாதே, வேலை போகவில்லை. அவர் நிதானமாக, "சரி, ஏன் நிறுத்தினாங்க?" என்றார். உன்னிடம் அதை நான் கேட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

நீ போர்த்திக்கொள்ளும் பழைய போர்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம், உன் வாசம் போய்விடும்; சோப்பும் வீண்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். ஏன் நிறுத்தினாய் அம்மா? எழுது.

உன் மகள்