எச்சிலுக்கு வந்தவள்

மார்ச் 3, திங்கள்
இன்றும் வேலை இல்லை. காலையில் போன வீட்டில் குழந்தை என்று தள்ளுவண்டியைக் காட்டினார்கள். எட்டிப் பார்த்தால் நாய். தலையில் தொப்பி வேறு. சிரித்துத் தொலைத்தேன், அனுப்பிவிட்டார்கள்.

ஆயா ஏஜென்சியும் விடுதியும் நடத்தும் மிலா அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். "பதினஞ்சாம் தேதிக்குள்ள ஏதாவது வீட்ல சேரு மெர்லி. இல்லேன்னா கட்டிலக் காலி பண்ணிட்டு ஊருக்குக் கப்பலேறு." ஊரில் என்ன இருக்கிறது? அத்தானின் பன்றிக் கொட்டில். எனக்குப் பிள்ளை வளர்க்க மட்டும்தான் தெரியும்.

மார்ச் 5
கேசோன் சிட்டியில் ஒரு வீடு. நிஜக் குழந்தை! ஒன்பது மாதம், பெயர் ஜோவாக்கிம், தொடையில் மூன்று மடிப்பு. "அடேயப்பா, என்னா கொழுகொழுன்னு இருக்கான்!" என்று சொல்லிவிட்டேன். அவன் அம்மா கரீனா மேடத்தின் முகம் சுருங்கியது.

புது ஆள் புகழ்ந்தால் குழந்தைக்கு ஊசோக் பிடிக்கும், வயிறு வலிக்கும், அழுகை நிற்காது. புகழ்ந்தவளே தன் எச்சிலைத் தொட்டு அதன் வயிற்றில் தடவ வேண்டும். பன்னிரண்டு வருட ஆயாவுக்கு இது தெரியாதா? ஆனால் வேலை கேட்கப் போன இடத்தில் எச்சில் தொட்டால் சுத்தமில்லாதவள் என்று நினைப்பார்களே! கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், மடச்சி.

மார்ச் 6
விடிந்ததும் போன். "நீ போனதுலேர்ந்து புள்ள வீல்வீல்னு கத்துது. வந்து எச்சி வச்சுட்டுப் போ!"

இரண்டு ஜீப்னி வண்டி மாறிப் போனேன். வாசலிலேயே புது பிரஷ் கொடுத்துப் பல் தேய்க்கச் சொன்னார் மேடம். தேய்த்தேன். கட்டைவிரலை நனைத்து வயிற்றில் தடவினேன். பயல் ஒரு ஏப்பம் விட்டுச் சிரித்தான்.

"வேலை, மேடம்?"

"உன் வாய் பொல்லாத வாயி. உன்ன எப்படி வீட்ல வைக்கிறது?"

மார்ச் 7
மறுபடி கூப்பிட்டார்கள். போனேன்.

மார்ச் 8
மறுபடியும். பல் முளைக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். மேடம் நம்பவில்லை. டாக்டரை நம்புங்கள் என்று நான் ஏன் சொல்லப்போகிறேன்?

மார்ச் 11
கூடத்தில் நான்கு பெண்கள், ஆயா வேலைக்கு. நான் பிரஷோடு உள்ளே போவதைப் பார்த்து ஒருத்தி, "நீங்களும் வேலைக்கா அக்கா?" என்றாள்.

"இல்லம்மா. எச்சிலுக்கு."

சிரித்துக்கொண்டே சொன்னேன். ஜீப்னியில் அழுகை வந்தது. அவன் என்னைப் பார்த்துக் கை நீட்டுகிறான், அந்த வேலைக்கு வேறு யாரோ வரப்போகிறாள்!

மார்ச் 14
நாளை கடைசி நாள். தடவி முடித்ததும் கேட்டே விட்டேன். "மேடம், புது ஆளாலதான ஊசோக் வருது? நான் இங்கயே இருந்துட்டா புது ஆளே இல்லையே?"

மேடம் என் பிரஷை வாங்கிக் குளியலறையில் வைத்தார். "சரி. போய் பைய எடுத்துட்டு வா."

ஜூலை 20, ஞாயிறு
வேலை விஷயமாக சிங்கப்பூர் போயிருந்த மேடம் ஏழு வாரம் கழித்து இன்று வந்தார். பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து அள்ளினார். "என் தங்கமே, எவ்ளோ அழகா வளந்துட்ட!"

பயல் வீலென்று அலறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். என்ன செய்தும் நிற்கவில்லை. மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இப்போது யார் புது ஆள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

மேடம் உள்ளே போனார். பல் தேய்க்கும் சத்தம் கேட்டது.