ஒரு சொட்டும் உள்ளே போகாமல்

ஜூன் 3, செவ்வாய்

மதிய வேலை முடிந்து மேசை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். என்னையும், பாரில் நிற்கும் கொக்கையும். (கழுத்து அப்படி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பதில்லை.) செப்டம்பரிலிருந்து உணவகத்துக்கு ஒயினுக்கென்று தனியாக ஒரு ஆள் வேண்டுமாம். எதை வாங்குவது, எந்த மேசைக்கு எதைச் சொல்வது, எல்லாம் அந்த ஆள் பொறுப்பு. கோடை முழுக்க வாரம் இரண்டு நாள், மூன்று மணிக்கு, உணவகத்துக்கு ஒயின் விற்கிற ஒரு அம்மாள் பாட்டில்களோடு வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். பெரும்பாலும் வெள்ளை ஒயின். இந்த வெயிலில் சிவப்பை யார் கேட்கிறார்கள். கடைசியில் பெயரை மறைத்து ஆறு கிளாஸ் வைப்பார்கள், எது எந்தத் திராட்சை என்று சொல்ல வேண்டும். தேறுகிறவருக்கு வேலை.

கொக்கு என்னைப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, நீங்கதான் வாயிலயே வைக்க மாட்டீங்களே."

உண்மைதான். பத்தொன்பது வருடமாகத் திறக்கிறேன், ஊற்றுகிறேன், நாக்கில் பட்டதில்லை. அப்பா போன அன்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரு சொட்டும் உள்ள போகாதுன்னு சொல்லு." சொன்னேன்.

ஆனால் முழங்கால் இரண்டும் போய்க்கொண்டிருக்கின்றன. நாற்பத்திரண்டு வயதாகிறது. இன்னும் எத்தனை வருடம் தட்டு தூக்குவேன்? ஒயின்காரம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன், விழுங்காமல் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்று. "விழுங்குறவங்களாலதான் முடியாது. நாலாவது கிளாஸ்ல மட்டையாயிடுவாங்க," என்றார். "துப்பணும்மா. நாங்க எல்லாரும் துப்புறவங்கதான்."

துப்பலாம். துப்ப மாட்டேன் என்று நான் யாருக்கும் சத்தியம் செய்யவில்லை.

ஜூன் 6, வெள்ளி

துப்புவது இவ்வளவு பெரிய வித்தை என்று யார் கண்டது? ஒயின்காரம்மா வாளியிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, உதட்டைக் குவித்து, நூல் பிடித்த மாதிரி விடுகிறார். சத்தமே இல்லை. நான் துப்பியதில் கொஞ்சம் முகவாயில், கொஞ்சம் ஏப்ரனில், மீதி கொக்கின் ஷூவில்.

முதல் கிளாஸ் சோவிஞ்யோன் என்ற திராட்சையில் செய்தது. முகர்ந்ததும் பூனை மூத்திரம். நாகரிகம் கருதி எலுமிச்சை என்றேன். ஒயின்காரம்மா வாய் கூசாமல், "பூனை மூத்திரம் வரல உங்களுக்கு?" என்றார். இனி நாகரிகம் பார்ப்பதாக இல்லை.

ஜூன் 13, வெள்ளி

இன்று ஐந்து வெள்ளை. பழைய ரீஸ்லிங் ஒன்றில் மண்ணெண்ணெய் என்று சொன்னேன், கொக்கு விழுந்து விழுந்து சிரித்தான். அது சரியான விடை. அடுத்தது கெவுர்ட்ஸ்ட்ரமீனர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கிளாஸ் சூடாகிவிடுகிறது. ஆனால் ரோஜாத்தண்ணீர் வாசனை, மறக்கவே முடியாது. ஷார்டனேயில் வெண்ணெய் தடவிய ரொட்டி.

கொக்கு எல்லாவற்றையும் பச்சை அட்டை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறான். அவனுக்கு ஞாபகம். எனக்கு மூக்கு.

மூக்கு அம்மாவிடமிருந்து வந்தது. அப்பா கதவைத் தட்டுமுன்பே அம்மாவுக்குத் தெரியும். திறந்ததும் "ஊது" என்பாள். அப்பா ஊதுவார். அதற்குப் பிறகுதான் வீட்டில் எது நடந்தாலும். பாட்டிலைத் தேடும் வேலை எனக்கு. கழிவறை ஃப்ளஷ் தொட்டிக்குப் பின்னால், செய்தித்தாள் சுற்றி வைத்திருப்பார். தொட்டி ஒழுகும், தாள் நனைந்து நாறும். பதினொரு வயதில் அந்த நாற்றத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். "மோப்ப நாய்" என்றுதான் அப்பா என்னைக் கூப்பிட்டார். கோபமாகக்கூட இல்லை.

அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

சொல்லியிருக்க வேண்டும். புத்தி கெட்டவள் நான்.

காலையில் குளியலறையில் தண்ணீரை வைத்துத் துப்பிப் பழகிக்கொண்டிருந்தேன். ஒரு வாய் எடுப்பது, உள்ளே சுழற்றுவது, தொட்டியில் குறி பார்த்து விடுவது. நாலைந்து தடவைதான். கதவு தட்டும் சத்தம். திறந்தால் அம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"உங்கப்பா தினமும் காலையில இப்படித்தான்டி துப்புவாரு."

தண்ணிம்மா, வெறும் தண்ணின்னு சொன்னேன். எதுக்குத் தண்ணியத் துப்புறேன்னு கேட்டா. ஒயின் வேலை, பரீட்சை, வாளி — எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டினேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் சொல்ற மாதிரி இருந்துது. அப்பாவும் இப்படித்தானே, மூச்சு விடாம விளக்கம் சொல்லுவாரு.

"வாயில வச்சியா?"

"வச்சேன். ஆனா உள்ள போகல."

"வாயில வச்சது உள்ள போக எவ்வளவு நேரம்," என்றாள். அறைக்குள் போய்விட்டாள்.

ஜூன் 20, வெள்ளி

பேசவில்லை. தேநீர் மட்டும் மேசையில் இருந்தது, தட்டு போட்டு மூடி.

ஜூன் 24, செவ்வாய்

பேசவில்லை. சரி. எனக்கும் அவள் பிடிவாதத்தில் பாதியாவது இருக்காதா? வேலை முடிந்து ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்ததும் நேராக அவள் நாற்காலி முன்னால் போய்க் குனிந்து, முகத்துக்கு நேரே ஊதினேன். கேட்காமலே. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாளைக்கும் ஊதுவேன். செப்டம்பர் வரைக்கும் ஊதுவேன்.

ஜூன் 27, வெள்ளி

ஊதினேன். திருப்பிக்கொண்டாள்.

துப்புவது இப்போது வாளிக்குள் விழுகிறது, பத்துக்கு எட்டு.

ஜூலை 5, சனி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மதியம் ஏழாம் மேசை. ஒரு பெண், வேலையிலிருந்து ஓய்வு பெறும் தன் ஆசிரியருக்கு விருந்து வைக்கிறாள். பட்டியலிலேயே நல்ல வெள்ளையைக் கேட்டாள். திறந்து, இப்போது பழகிய பழக்கத்தில், ஊற்றுவதற்கு முன் முகர்ந்து பார்த்தேன்.

நனைந்த செய்தித்தாள்.

அந்தத் தொட்டி, அந்த ஒழுகல், எல்லாம் அப்படியே. பட்டப்பகலில், வெள்ளை விரிப்புப் போட்ட மேசைக்குப் பக்கத்தில். ஐயோ, எனக்குள்ளேயிருந்து வருகிறது என்று நினைத்தேன். அம்மா சொன்னது சரி, வாயில் வைத்தாயிற்று, இனி அந்த ஆள் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். வாயை மூடிக்கொண்டு ஊற்றினேன்.

ஆசிரியர் ஒரு வாய் குடித்தார், அப்புறம் தண்ணீர் கேட்டார். கிளாஸ்கள் எல்லாம் அப்படியே நிறைந்து கிடந்தன. போகும்போது அந்தப் பெண் என்னிடம், "அவருக்குப் பிடிக்கும்னு நினைச்சேன்," என்றாள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி. அவள் என்னிடம்.

மூன்று மணிக்கு ஒயின்காரம்மா அந்த மீதியை முகர்ந்தார். முகம் மாறிவிட்டது. "யார் திறந்தது இதை?"

நான் என்றேன்.

"கார்க் கெட்டிருக்கு. ஈரப் பேப்பர் வாசனை வருதே, தெரியல?"

தெரிந்தது. தெரிந்தும்தான் ஊற்றினேன். ஏன் சொல்லவில்லை என்று முதலாளி கேட்டார். எங்கப்பான்னு நினைச்சேன்னா சொல்ல முடியும்?

ஜூலை 6, ஞாயிறு

விடுமுறை. படுத்தே கிடந்தேன். சாயங்காலமாகத்தான் ஒன்று உறைத்தது. அந்த நாற்றம் பாட்டிலில் இருந்தது. எனக்குள் இல்லை. அப்படி ஒரு கேடு உண்டு, நூறில் ஒன்றிரண்டு கார்க்குக்கு வரும், ஊரெல்லாம் தெரிந்த விஷயம். முப்பது வருடமாக அது என் வீட்டு நாற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வேலை எனக்குத்தான் வேண்டும். கொக்குக்கு அல்ல.

எழுந்து போய் ஊதினேன். இன்று எதையும் வாயில் வைக்கவில்லையே என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அம்மா ஒரு கணம் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

ஜூலை 24, வியாழன்

சூடு கண்ட பூனை கதைதான் என் கதை. இந்த வாரம் மூன்று பாட்டில்களைக் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பினேன். மூன்றும் நன்றாக இருந்தனவாம். ஒன்றில் கடல்நீர் வாசனை வர வேண்டுமாம், அந்தத் திராட்சையின் குணமே அதுவாம். முதலாளி, "பாட்டிலப் பாத்தாலே பேயப் பாத்த மாதிரி பண்றீங்களேம்மா," என்றார். கொக்கு சிரிக்கவில்லை. அதுதான் அவமானம்.

ஜூலை 25, வெள்ளி

ஒயின்காரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தொட்டி, செய்தித்தாள், மோப்ப நாய், எல்லாம். வாளியைக் கழுவிக்கொண்டே கேட்டார். பரிதாபப்படவில்லை, நல்லவேளை.

"ரெண்டையும் பிரிக்க வழி இருக்கு," என்றார். "சந்தேகம் வந்தா கிளாஸை வச்சிடுங்க. உங்க சட்டைக் கையை முகருங்க, மூக்கு பழைய நிலைக்கு வரும். பத்து நிமிஷம் கழிச்சுத் திரும்ப வாங்க. கார்க் கெட்டிருந்தா காத்துப் பட்டு நாத்தம் கூடும். உங்க நினைப்புன்னா குறைஞ்சிடும்."

கூடினால் பாட்டில். குறைந்தால் நான். சமையல் கட்டுச் சுவரில் எழுதி ஒட்டலாம் போல இருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஏழு வெள்ளை. மூன்று முறை அப்பா வந்தார். மூன்று முறையும் சட்டைக் கை, பத்து நிமிடம். மூன்று முறையும் போய்விட்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒருமுறை வந்தார். போனார். இடுப்பு வலி. ஊதினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று பாடம் முடிந்து வந்து ஊதியபோது அம்மா பத்திரிகையை மடியில் வைத்தாள்.

"இன்னொரு தடவ."

ஊதினேன். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். அப்பாவிடம் செய்கிற அதே முகம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"வயித்துலேருந்து வரல," என்றாள். "குடிச்சவன் வாசனை அடி வயித்துலேருந்து வரும். இது வாயில மட்டும்தான் இருக்கு."

ஐம்பத்தாறு நாளுக்குப் பிறகு அம்மா பேசியது இது. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. "முதல் நாளே ஒழுங்கா மோந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே?" என்று கேட்டேன்.

"பயமா இருந்துதுடி," என்றாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இப்போது அவளே தயாராக இருக்கிறாள். ஊதியதும் "புளிப்பு", "இன்னிக்குப் பூ மாதிரி ஏதோ" என்கிறாள். கொக்கின் பச்சை நோட்டைவிட இவள் பரவாயில்லை. பார்த்துக்கொண்டே இரு, எனக்குப் போட்டியாக வந்துவிடப் போகிறாள்.

ஆகஸ்ட் 30, சனி

பத்துக்குப் பத்து வாளிக்குள். சத்தமில்லாமல். ஒயின்காரம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

செப்டம்பர் 6, சனி

காலை பத்து மணி. முதலாளி ஜன்னல் திரையை விலக்கிவிட்டார், வெளிச்சம் வேண்டுமே. ஐந்து வெள்ளை, கடைசியில் ஒரு சிவப்பு. ஒரு மேசையில் கொக்கு, ஒரு மேசையில் நான். ஒரு மணி நேரம்.

ஒன்று, சோவிஞ்யோன். பூனை வாழ்க. இரண்டு, ரீஸ்லிங், இளசு. மூன்றில் சந்தேகம், ஷார்டனே என்று எழுதினேன். நாலாவது கிளாஸைத் தூக்கினேன்.

வந்துவிட்டார்.

லேசாகத்தான். பழத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டு. இன்றைக்குப் பார்த்தா வரணுமா? சட்டைக் கையை முகர்ந்தேன். சோப்பு வாசனை. பக்கத்தில் கொக்கு நாலாவதை முடித்துவிட்டு மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தான். ஜூலையில் மூன்று நல்ல பாட்டிலைத் திருப்பியவள் நான், இன்றைக்கும் அப்படி ஆனால்? ஐந்தையும் ஆறையும் பார்த்தேன். சரியாகப் பார்க்க முடியவில்லை, மனசு நாலில் இருந்தது. கடிகாரத்தில் பத்து நிமிடம் எண்ணினேன். திரும்ப எடுத்தேன்.

கூடியிருந்தது.

தொட்டி, தாள், எல்லாம். ஆனால் இந்த முறை வாயை மூடிக்கொள்வதாக இல்லை. "திராட்சை தெரியவில்லை. கார்க் கெட்டது. பரிமாறக் கூடாது" என்று எழுதினேன்.

முதலாளி இரண்டு தாளையும் வாசித்தார். கொக்குக்கு ஆறில் ஐந்து திராட்சைப் பெயர் சரி. எனக்கு மூன்று. என் முழங்கால் அப்போதே வலிக்க ஆரம்பித்துவிட்டது. பிறகு ஒயின்காரம்மா நாலாவது பாட்டிலைத் தூக்கி வாளியில் கவிழ்த்தார். "இது வேணும்னே வச்சது," என்றார். கொக்கின் தாளில் நாலாவதற்கு "முலாம்பழம், தேன், மிக நன்று" என்று இருந்தது.

முதலாளி ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "பேரத் தப்பாச் சொன்னா சிரிச்சிட்டுப் போவாங்க. கெட்டதக் குடுத்தா திரும்பி வர மாட்டாங்க," என்றார். ஏழாம் மேசையை நினைத்துத்தான் சொல்கிறார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கொக்கு கை கொடுத்தான். "பேரெல்லாம் நான் சொல்லித் தரேன்க்கா," என்றான். நல்ல பிள்ளைதான். பச்சை நோட்டையும் கொடுத்துவிட்டான்.

கிளம்பும்போது ஒயின்காரம்மா அந்த நாலாவது பாட்டிலின் கார்க்கை என் கையில் வைத்தார். பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். கிடைத்துவிட்டது என்றேன். "தெரியும், நடையிலயே தெரியுது," என்றாள். கார்க்கை எடுத்து நீட்டினேன். என்ன ஏது என்று எதுவும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

அம்மா மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஃப்ளஷ் தொட்டிக்குப் பின்னாடி," என்றாள்.

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடமும் அவளும் அதே நாற்றத்தோடுதான் இருந்திருக்கிறாள், பக்கத்து அறையில். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. குப்பைக்கூடையின் மூடியைத் திறந்து கார்க்கை உள்ளே போட்டாள், பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

வழக்கம்போல ஊதுவதற்குக் குனிந்தேன்.

"வேணாம்," என்றாள். "கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."